சோலாரில் தண்ணீர் கொதிக்க வைக்க எது சிக்கனம்?

கேள்வி (வாசகர் ஒருவர்), 2 மார்ச் 2025, காலை 9.40

வீட்டில் ஐந்து பேர். குடிக்கிற தண்ணீர் தினமும் 5 லிட்டர் கேஸில் காய்ச்சுகிறோம். மாடியில் 100 லிட்டர் சோலார் ஹீட்டர் இருக்கிறது, குளிக்க மட்டும்தான். 540 வாட் பேனல் ஒன்று வாங்கி, இன்வெர்ட்டர், பேட்டரி எதுவும் இல்லாமல் நேராக ஹீட்டர் ராடில் கொடுத்தால் தண்ணீர் கொதிக்கும், கேஸ் செலவே இல்லை என்று யூடியூபில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். செய்யலாமா? கோவைப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சம் இல்லை.

பதில், 2 மார்ச் 2025, மாலை 6.15

செய்யாதீர்கள். ஏன் என்று அப்புறம் சொல்கிறேன், முதலில் கணக்கு.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க சுமார் 4.2 கிலோஜூல். தொட்டித் தண்ணீர் 28 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 100க்குப் போக 72 டிகிரி ஏற வேண்டும், அதாவது 300 கிலோஜூல் சொச்சம். கரண்ட் பாஷையில் 0.084 யூனிட். கெட்டிலில் கொஞ்சம் வீணாவதையும் சேர்த்தால் லிட்டருக்கு 0.1 யூனிட் என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் 5 லிட்டருக்கு அரை யூனிட். அவ்வளவுதான்.

கேஸில் பார்த்தால்: ஒரு கிலோ எல்.பி.ஜி.யில் 46 மெகாஜூல் அளவுக்குச் சூடு இருக்கிறது. அடுப்புக்கு ஐ.எஸ்.ஐ. கேட்கிற திறன் 68 சதவீதம். பர்னர் அடைத்து, தீ பாத்திரத்தின் ஓரம் வழியாக மேலே ஓடும் நம் வீட்டு அடுப்புக்கு 60 போட்டாலே தாராளம். லிட்டருக்கு 11 கிராம். ஐந்து லிட்டருக்கு 55 கிராம். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று உங்கள் குடிநீருக்கு மட்டும் எட்டு மாதத்துக்கு மேல் வரும்.

ஆக நீங்கள் மிச்சம் பிடிக்கப் பார்ப்பது வருஷத்துக்கு ஒன்றரை சிலிண்டர். இதற்கு எவ்வளவு முதலீடு தகும் என்று நீங்களே பாருங்கள்.

3 மார்ச் 2025, காலை 7.05

ராத்திரி யோசித்தபோது விட்டுப்போன ஒன்று. "கொதி வந்த பிறகு பத்து நிமிஷம் தளதளவென்று கொதிக்க விடணும்" என்று வீட்டில் பெரியவர்கள் யாராவது சொல்வார்கள். அங்கேதான் கேஸ் போகிறது. கொதிக்கிற தண்ணீர் 100 மில்லி ஆவியானால் சுமார் 225 கிலோஜூல் காலி. ஒரு லிட்டரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான சூட்டில் முக்கால் பங்கு அது. ஒரு டம்ளர் ஆவி அடுக்களை ஜன்னல் வழியாகப் போவதற்கு இவ்வளவு செலவு.

மூடி போடுங்கள். நன்றாகக் குமிழி வந்து ஒரு நிமிஷம் ஆனதும் அணையுங்கள். சோலாரே வாங்காமல் கிடைக்கிற மிச்சம் இது.

3 மார்ச் 2025, இரவு 9.30

"கோவையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரிதான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம், 98.6 டிகிரியில் கொதித்துவிடும். ஊட்டியில் 93ஐக்கூடத் தொடாது. அந்த ஒன்றரை டிகிரி லாபத்தை எனக்கு மணியார்டர் செய்துவிடுங்கள்.

5 மார்ச் 2025, இரவு 10.20

இப்போது அந்த ராடு விவகாரம். கொஞ்சம் நீளமாகப் போகும்.

540 வாட் பேனல் என்றால், முழு வெயிலில் சுமார் 41 வோல்ட், 13 ஆம்பியர் தரும்போதுதான் 540 வாட். வேறு வோல்ட்டில் இழுத்தால் அது வராது. கடையில் கிடைக்கிற 230 வோல்ட் 2000 வாட் ராடின் ரெசிஸ்டன்ஸ் 26 ஓம் சொச்சம். அதைப் பேனலில் மாட்டினால் 2 ஆம்பியர்கூட ஓடாது, கிடைப்பது 90 வாட். "அப்படியானால் 12 வோல்ட் 300 வாட் ராடு போடுகிறேன்" என்பார்கள். அதற்கு அரை ஓம்கூட இல்லை. பேனல் தன்னால் முடிந்த 14 ஆம்பியரைத் தள்ளிவிட்டு வோல்ட்டில் படுத்துவிடும், ஏழு வோல்ட்கூட நிற்காது. அதிலும் ஏறக்குறைய அதே 90 வாட்! கால் அளவு பார்க்காமல் செருப்பு வாங்கின கதை. பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் நடக்க முடியாது.

41 வோல்ட்டை 13 ஆம்பியரால் வகுத்தால் வருகிற மூன்று ஓம் சொச்சத்துக்கே ராடைத் தேடிப்பிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உச்சி வெயிலில் பிரமாதமாக ஓடும். மேகம் வந்து வெயில் பாதியானால்? பேனலின் கரண்ட் பாதியாகும். ராடில் வரும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, ஆகவே கால்வாசிதான். காலை ஒன்பது மணிக்கும் மாலை நாலு மணிக்கும் இதே கதை. இதைச் சமாளிக்க, எந்த வெயிலிலும் பேனலிலிருந்து முடிந்த அதிகபட்ச வாட்டை இழுக்கிற எம்.பி.பி.டி. என்ற கருவி நடுவில் வேண்டும். வைத்தால் "நேராக ராடு" என்ற சிக்கனம் போய்விட்டது. கலிபோர்னியா பாலிடெக்னிக்கில் 100 வாட் பேனலுக்கு ராடுக்குப் பதில் டயோடு (கரண்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்ன மின்னணு உறுப்பு) சரத்தையே ஹீட்டராக்கி, வோல்ட்டை ஏறக்குறைய நிலையாக நிறுத்திச் சமைக்கிற அடுப்பு செய்திருக்கிறார்கள். புத்திசாலித்தனமான வேலை. ஆனால் அதுவும் சுற்றிலும் தடிமனான காப்பு போட்டு, மெதுவாக நாள் முழுக்க வேகவைக்கிற ஜாதி.

இதையெல்லாம்விட முக்கியம், தீ. கீசர் தெர்மோஸ்டாட் (சூடு எட்டியதும் கரண்டை நிறுத்துகிற சுவிட்ச்) வீட்டு ஏ.சி. கரண்டுக்கு ஆனது. ஏ.சி. கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், சுவிட்ச் விலகும்போது வரும் பொறி தானாக அணைந்துவிடும். பேனல் தருகிற டி.சி.யில் அந்தப் பூஜ்யம் வராது, பொறி நீண்டு எரிந்துகொண்டே இருக்கும். எங்கள் தெருவில் ஒருவர் பேனல்கள் இரண்டைத் தொடராக இணைத்து பழைய கீசரில் கொடுத்திருந்தார். கழற்றிப் பார்த்தபோது தெர்மோஸ்டாட்டின் இரண்டு காண்டாக்ட்டும் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் கரிந்து குமிழ் குமிழாக இருந்தது. தண்ணீர் கொதித்துக்கொண்டே இருந்திருக்கிறது, நிறுத்த ஆள் இல்லை. கீசரின் சேஃப்டி வால்வு வேலை செய்ததால் சுவர் பிழைத்தது.

6 மார்ச் 2025, காலை 6.50

"அப்படியென்றால் சோலார் ஹீட்டர் எப்படி இவ்வளவு சிக்கனம்?" என்று இழையில் கேட்டவருக்கு: அது வெயிலைக் கரண்டாக மாற்றுவதே இல்லை. உங்கள் 100 லிட்டர் ஹீட்டர் மாடியில் பிடிக்கிற பரப்பு ஒன்றரை சதுர மீட்டர் அளவு. நல்ல வெயில் நாளில் 100 லிட்டரை 28லிருந்து 60க்குக் கொண்டுபோனால் அது 3.7 யூனிட் சூடு. அதே பரப்பில் பேனல் வைத்தால் ஒன்றரை யூனிட் தேறாது. குளிக்கிற தண்ணீருக்கு இதை அடிக்க வேறெதுவும் இல்லை. ஆனால் 60லிருந்து 100க்கு ஏற்றுவது அதன் வேலை இல்லை.

9 மார்ச் 2025, மாலை 5.45

ஞாயிறு, கை சும்மா இருக்கவில்லை. ஹீட்டரில் மாற்றின பழைய வாக்வம் குழாய் ஒன்று வீட்டில் கிடந்தது. 58 மில்லிமீட்டர் விட்டம், 1800 நீளம். இரண்டு கண்ணாடிச் சுவர், நடுவில் வெற்றிடம், உள்சுவரின் மேல் கருநீலப் பூச்சு. அடிமுனையில் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது பேரியம். வெற்றிடம் போய்க் காற்று புகுந்தால் அது பால் வெள்ளையாகிவிடும், அந்தக் குழாய் காய்கறித் தோட்டத்துக்குத்தான். என்னுடையது பளபளப்பாகவே இருந்தது.

குழாய்க்குள் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத்தான் பிடிக்கும். சாய்த்து வைத்து, வாயைப் பஞ்சும் துணியும் சுற்றி லேசாக மூடிவிட்டேன். இறுக்கமாக மூடவே கூடாது. வெயில் விழும் பரப்பைக் கணக்கிட்டால் 55லிருந்து 60 வாட் சூடு கிடைக்கும், கொதிக்க நாலு மணி நேரம் ஆகவேண்டும். காலை ஒன்பதரைக்கு வைத்தேன். மதிய சாப்பாடு முடிந்து மாடிக்குப் போனபோது துணியின் ஓரம் ஈரமாகி ஆவி வந்துகொண்டிருந்தது. கிட்டே குனிந்தால் உள்ளே "டொக்" என்று ஒரு சத்தம், உடனே ஒரு கை தண்ணீர் எகிறி வெளியே வந்து விழுந்தது. குழாய் நீளம், குறுகல். அடியில் உண்டாகிற ஆவி மேலே இருக்கிற தண்ணீரைத் தூக்கி எறிகிறது. முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். குழந்தைகள் இருக்கிற மாடியில் இந்த வேலையே வேண்டாம்.

இன்னொன்று, காலிக் குழாயை வெயிலில் வைத்துவிட்டு அப்புறம் தண்ணீர் ஊற்றக் கூடாது. வெறும் குழாய் 200 டிகிரியைத் தாண்டிச் சுடும், பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். ஹீட்டர் மாட்டுகிறவர்கள் காலையிலோ மாலையிலோதான் தண்ணீர் விடுவார்கள், அதற்குக் காரணம் இதுதான்.

சூடு சரி. ஆனால் இதை யாராவது தினமும் செய்வார்களா?

9 மார்ச் 2025, இரவு 8.10

வீட்டில் தீர்ப்பு வந்துவிட்டது. "காபி காலை அஞ்சரைக்கு வேணுமா, மத்தியானம் ஒன்றரைக்கு வேணுமா?"

16 மார்ச் 2025, மாலை 4.00

வெயிலில் சமைக்கிற பெட்டி அடுப்பு, டிஷ் அடுப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள்.

பெட்டி அடுப்புக்கு வயசு அதிகம். ஸ்விட்சர்லாந்தின் டி சொசூர் 1767லேயே கண்ணாடி அடுக்கிய பெட்டியில் கொதிநிலையைத் தாண்டிச் சூடு எடுத்திருக்கிறார். நம் ஊரில் கிடைப்பது நாலு கறுப்பு டப்பா, மேலே இரட்டைக் கண்ணாடி, மூடியில் முகம் பார்க்கிற கண்ணாடி. சோறு, பருப்பு, வேர்க்கடலைக்கு நல்லது. தண்ணீர் 80 வரை சந்தோஷமாக ஏறும், அதற்கு மேல் ஆமை வேகம்.

1.4 மீட்டர் விட்டத்தில் குழிந்த பளபளப்புத் தட்டால் வெயிலைப் பாத்திரத்தில் குவிக்கிற டிஷ் அடுப்பு வேறு ஆள். ஜெர்மனியின் டீட்டர் ஸைஃபர்ட் வடிவமைத்த எஸ்.கே-14 அது. பாத்திரத்துக்கு 600 வாட் அளவில் சூடு தரும். இரண்டு லிட்டர் இருபது நிமிஷம் முன்னே பின்னே. கேஸ் அடுப்புக்குச் சமானமாகச் சொல்லக்கூடிய ஒரே சோலார் அடுப்பு இதுதான், ஆனால் சூரியன் நகர நகரத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், கூலிங் கிளாஸ் இல்லாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது. உபயோகிக்காதபோது துணி போட்டு மூடவேண்டும். மூடாமல் விட்டால் எதிரில் இருக்கிற துணிக்கொடியோ விறகோ பற்றிக்கொள்ளும்.

பெரிய அளவில் பார்க்க ஆசை என்றால் ஆரோவில் சோலார் கிச்சனுக்குப் போங்கள். மாடியில் 15 மீட்டர் விட்டத்தில் அசையாத கண்ணாடிக் கிண்ணம், அதன் மேல் பாய்லர்தான் சூரியனைப் பின்தொடர்ந்து நகர்கிறது. திருமலையில் 2002ல் 106 ஷெஃப்லர் டிஷ்களை (சூரியனோடு திரும்பி வெளிச்சத்தை ஒரே இடத்தில் குவிக்கிற பெரிய டிஷ்) வைத்து நீராவி எடுத்தார்கள், ஒரு நாளைக்கு 15,000 பேருக்குச் சமையல் என்ற கணக்கில். அந்த அளவுக்குத் தினமும் ஒரே நேரத்தில் ஒரே வேலை இருந்தால் ஆவி லாபம். ஐந்து லிட்டருக்கு அல்ல.

இந்தியன் ஆயில் 2022ல் காட்டின சூர்யா நூதன் பற்றியும் ஒருவர் கேட்டார். வெயிலில் பேனல், சமையலறையில் சூட்டைச் சேமிக்கிற அடுப்பு, நடுவில் ஒயர். தத்துவம் நல்லது. கையில் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

13 ஏப்ரல் 2025, காலை 11.30

கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் பார்க்கலாமா? குடிக்கிற தண்ணீர் கொதித்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை. 70 டிகிரியில் ஒரு நிமிஷத்துக்குள் வயிற்றுப்போக்கு தருகிற கிருமிகள் செத்துவிடும், 65 என்றால் சில நிமிஷம். பாலைப் பாஸ்டரைஸ் செய்வதும் இந்தக் கணக்குதான். கொதிக்க வைக்கச் சொல்வதற்குக் காரணம், தெர்மாமீட்டர் இல்லாத வீட்டில் கண்ணுக்குத் தெரிகிற ஒரே அடையாளம் குமிழி. வெயிலில் தண்ணீர் காய்ச்சுகிறவர்களுக்காக ஒரு சின்னக் கருவி உண்டு: பிளாஸ்டிக் குழலுக்குள் சோயா மெழுகு. 70 டிகிரிக்குப் பக்கத்தில் மெழுகு உருகி அடியில் இறங்கும். ஆறின பிறகும் அடியிலேயே இருப்பதால், நாம் இல்லாத நேரத்தில் சூடு எட்டியதா என்று தெரிந்துவிடும்.

அப்படிப் பார்த்தால் போன மாதம் நான் மட்டம் தட்டிய பெட்டி அடுப்பு திடீரென்று மரியாதைக்குரியதாகிறது. 80 டிகிரி அதற்குச் சர்வ சாதாரணம்.

இன்னும் எளிது, தெளிவான பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரை அடைத்து ஆறு மணி நேரம் நல்ல வெயிலில் படுக்கப்போடுவது. மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். பெய்ரூட்டில் ஆரம்பித்த ஆராய்ச்சி, ஸ்விட்சர்லாந்தின் இ.ஏ.டபிள்யூ.ஏ.ஜி. என்ற நீர் ஆராய்ச்சி நிறுவனம் உலகம் முழுக்கக் கொண்டுபோனது. அங்கே வேலை செய்வது முக்கியமாகப் புற ஊதாக் கதிர். கலங்கலான தண்ணீருக்குப் பலிக்காது.

சூடு எதுவானாலும் கிருமிக்கு மட்டும்தான். போர் தண்ணீரின் உப்பு, ஃபுளூரைடு, சாயப்பட்டறைக் கழிவு எல்லாம் அப்படியே இருக்கும். ஆவி போன அளவுக்குக் கொஞ்சம் கூடவே செய்யும்.

14 ஏப்ரல் 2025, மாலை 3.20

எல்லோருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள். பாயசம் தீர்வதற்குள் ஒரு பதில்.

"சோலார் ஹீட்டர் தண்ணீரையே கெட்டிலில் பிடித்துக் கொதிக்க வைத்தால் பாதி மிச்சம்தானே?" கணக்குப்படி ஆமாம், 65 டிகிரியில் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் குடிக்க வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். போர் தண்ணீர், நாள்கணக்கில் சூடாக நிற்கிற டேங்க், உள்பூச்சு என்னவென்று விற்றவருக்கே தெரியாது, அரிப்பைத் தடுக்க உள்ளே கரைந்துகொண்டிருக்கிற மக்னீசியக் கம்பி, அடியில் சேர்ந்த சுண்ணாம்புச் சேறு. பாத்திரம் கழுவ, இட்லிக் கொப்பரைக்கு அடித்தண்ணீர் ஊற்ற என்று எடுங்கள், அதுவே கேஸில் கணிசமாகத் தெரியும். சிறுவாணி அணைத் தண்ணீர் வருகிற வீடு என்றால் குடிக்கிற தண்ணீரைத் தனியாக எவர்சில்வர் பாத்திரத்தில் பெட்டி அடுப்பில் வையுங்கள்.

20 ஜூலை 2025, இரவு 9.00

ஆடி பிறந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பெட்டி அடுப்பின் கண்ணாடி மூடியைத் தூக்கி அறைந்ததில் ஒரு மூலை விரிசல். மேகம் வந்து வந்து போகிறது, ஹீட்டர் தண்ணீர் விளாவத் தேவையே இல்லாத பதத்தில் வருகிறது.

இந்தச் சமயத்தில்தான் மார்ச்சில் சொன்னதை மறுபடி யோசிக்கிறேன். திறன் என்று பார்த்தால் வெயிலை நேராகச் சூடாக்குவதுதான் ஜெயிக்கும், பேனல் ஐந்தில் ஒரு பங்கைத்தான் பிடிக்கிறது. ஆனால் குடிநீருக்குத் தேவை அரை யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊரில் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட்டுக்கு மேல் தருகிறது. அதில் எட்டில் ஒரு பங்கு! இவ்வளவு சின்னத் தேவைக்குத் திறனைப் பற்றி மாடியில் நின்று கவலைப்படுவதைவிட, வீட்டுக்குள் கெட்டில் சுவிட்சைப் போடுவது மேல். பேனல் வேறு காரணத்துக்காக வைக்கிற வீட்டுக்கு மட்டும் சொல்கிறேன். கெட்டிலுக்காகப் பேனல் வைக்காதீர்கள்.

23 நவம்பர் 2025, காலை 10.15

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். மின்வாரிய லைனோடு இணைந்த 3 கிலோவாட் ஆன்கிரிட் பேனல் போட்டுவிட்டாராம், மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் என்ற மாடி சோலார் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியமும் வந்துவிட்டது. ராடு யோசனையை விட்டதற்கு நன்றி. இனி எப்படி என்று கேட்கிறார்.

1500 வாட் கெட்டில் ஒன்று, நல்ல எவர்சில்வர் பிளாஸ்க் இரண்டு. காலை பதினொன்றிலிருந்து இரண்டுக்குள் காய்ச்சுங்கள். நீங்கள் லைனுக்குக் கொடுத்ததையும் லைனிலிருந்து எடுத்ததையும் கழித்துக் கணக்குப் போடுகிற நெட் மீட்டர் இருந்தால் எப்போது காய்ச்சினாலும் பில்லில் பெரிய வித்தியாசம் வராது, ஆனாலும் உங்கள் மாடிக் கரண்ட் உங்கள் கெட்டிலுக்கே வரும். ஒன்றரை லிட்டர் ஆறு நிமிஷத்துக்குள் கொதித்துத் தானே அணையும். மதியம் பிளாஸ்க்கில் ஊற்றியது விடிகாலைக்குக் கொதிக்கக் கொதிக்க இருக்காது. ஆனால் அடுப்பில் வைத்தால் பாதித் தூரம் ஏற்கனவே வந்திருக்கும், காபி டிகாக்‌ஷனுக்கு அது போதும்.

இரண்டு எச்சரிக்கை. கரண்ட் கட் ஆனால் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். லைனில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள், கேஸ் அடுப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்புறம், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தை ஒட்டியே ஓடுகிற சின்ன வீட்டுக்காரர்கள் இதைப் படித்துவிட்டுப் பேனல் வாங்க ஓட வேண்டாம். உங்களுக்கு மூடி போட்ட பாத்திரமே போதும்.

30 நவம்பர் 2025, இரவு 8.40

"கெட்டில் அடியில் வெள்ளையாகத் தகடு தகடாக வருகிறது, கெட்டில் மட்டமா?" இல்லை, உங்கள் போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கிற கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கார்பனேட்டாகப் படிகிறது. சோலார் ஹீட்டர் குழாய்க்குள்ளும் இதே படிவுதான், அங்கே கண்ணுக்குத் தெரியாமல் சேர்ந்து சூட்டைக் குறைக்கும். வருஷத்துக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிட்டுக் குழாய்களைக் கழற்றிக் கழுவச் சொல்லுங்கள்.

கெட்டிலுக்கு ஆள் வேண்டாம். பாதித் தண்ணீர் ஊற்றி இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு கொதி விட்டு, அரை மணி அப்படியே வைத்துவிட்டுக் கழுவினால் போய்விடும். பழம் விலை ஏறினால் வினிகர். வாசனை போக இன்னொரு முறை வெறும் தண்ணீர் கொதிக்க விட்டுக் கொட்டிவிடுங்கள், அந்த அரை லிட்டரை மேலே போட்ட யூனிட் கணக்கில் சேர்த்து என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.